சாக்கர் ஆரஞ்சு

எனக்கு முன்கோபம் உண்டு. கிள்ளானில் நான் வேலை பார்க்கும் லோரி கம்பெனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என்று ஐம்பத்தாறு வயதில் காலையும் மாலையும் மாத்திரை விழுங்குகிறேன். கோபத்துக்கு மட்டும் இன்னும் எந்த டாக்டரும் சீட்டு எழுதித் தரவில்லை. அந்தக் கோபத்தில், போன வருடம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், என் கூடப்பிறந்த அண்ணனை எட்டுப் பேருக்கு முன்னால் தலைகுனிய வைத்தேன். அவர் செய்த குற்றம், பந்து விளையாட்டை ‘சாக்கர்’ என்று சொன்னது.

அண்ணனுக்கும் எனக்கும் பத்து வயது இடைவெளி. அப்பா ரயில்வேயில் கிளார்க். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எனக்கு நாலு வயது நடக்கும்போது அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அண்ணன் அவரோடு பதினாலு வருடம் வாழ்ந்தவர். எனக்கு அப்பா என்றால் ஹாலில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படம்தான். அவர் குரல் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது.

இருபது வயதில் அண்ணன் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். படிப்பு முடிந்து வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, மகன் பிறந்தான், அப்படியே தங்கிவிட்டார். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை டிசம்பரில் வருவார். இரண்டு வாரம் இருப்பார். சாக்லெட் டப்பாக்களை மேசையில் அடுக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போவார்.

அண்ணி இறந்த பிறகு அவருக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. ஹூஸ்டனில் மகன் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினார். “இங்கயே இருங்கண்ணே, மேல ரூம் காலியாத்தான் இருக்கு” என்றேன். “உன் வாய்க்கு ஒரு அர மணி நேர தூரத்துல இருக்கறது ரெண்டு பேருக்கும் நல்லதுடா” என்று சிரித்துவிட்டு பூச்சோங்கில் ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்தார். பெட்டியைப் பிரிக்க நான்தான் கூடப் போனேன். துணிமணிக்கு அடியில் ஒரு ஜோடி பந்து பூட்ஸ் இருந்தது. அறுபத்தாறு வயது மனிதர் கடல் தாண்டிக் கட்டிக்கொண்டு வந்த பொருளைப் பாருங்கள் என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு நாங்கள் பழைய குவார்ட்டர்ஸ் ஆட்கள் பதினைந்து பதினாறு பேர் பிரிக்ஃபீல்ட்ஸ் திடலில் கூடுவோம். ரவாங்கிலிருந்து ரயிலேறி வருகிறவர்கூட உண்டு. எல்லாருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஆளுக்கு ஒரு முட்டிப் பட்டை, ஆளுக்கு ஒரு பட்டப்பெயர். எங்கள் கோல் கீப்பருக்கு ‘கதவு’ என்று பெயர், எப்போதும் திறந்தே இருப்பதால். ஓடுவதைவிடக் கத்துவது அதிகம். விளையாட்டு முடிந்ததும் சாப்பாட்டுக் கடைக்குப் போய் இறக்கிய கலோரியைத் திரும்ப ஏற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவோம்.

அண்ணனை அங்கே கூட்டிப் போனேன். அவரால் ஓட முடியவில்லை. ஆனால் நின்ற இடத்திலிருந்து பந்தைத் தட்டினால் அது யாருக்குப் போக வேண்டுமோ அவர் காலடியில் போய் நின்றது. இரண்டாவது வாரமே எல்லாருக்கும் அவரைப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு சங்கடம், வாய்க்கு வாய் சாக்கர். “நல்ல சாக்கர்டா தம்பி.” “சாக்கர்ல அவசரம் ஆவாது.” “எத்தன மணிக்கு சாக்கர்?” கதவு அவருக்கு ‘சாக்கர் அண்ணே’ என்று பெயர் வைத்தான். பட்டப்பெயர் வைத்துவிட்டால் எங்கள் கூட்டத்தில் ஆளைச் சேர்த்துக்கொண்டாயிற்று என்று அர்த்தம். அண்ணனும் சிரித்தார். எனக்குத்தான் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்தவர் என்பதை ஒவ்வொரு வாக்கியத்திலும் காட்டிக்கொள்கிறார் என்று தோன்றியது.

அந்தச் சனிக்கிழமை மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், பெரிய திரையில் இங்கிலாந்து மேட்ச் போட்டிருந்தார்கள். எங்கள் மேசையில் எட்டுப் பேர், பக்கத்து மேசையில் மலாய் இளைஞர்கள். நல்ல கோல் ஒன்று விழுந்தது. அண்ணன் கையைத் தட்டி, அமெரிக்க இழுவையோடு, கடை முழுக்கக் கேட்கும்படி, “தட்ஸ் சாக்கர், மேன்!” என்றார். பக்கத்து மேசையில் ஒருவன் அதே இழுவையில் திருப்பிச் சொல்லிக் காட்டினான். அவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

“அண்ணே, இது அமெரிக்கா இல்ல” என்றேன். “இங்க ஃபுட்பால். இல்லன்னா பந்து. இல்லன்னா மலாய்ல ‘போலா’ன்னு சொல்லு. அந்த எழவெடுத்த சாக்கர மட்டும் சொல்லாத. நாப்பது வருசத்துக்கு மேல எங்கியோ இருந்துட்டு வந்து எங்களுக்குப் பந்து சொல்லித் தரியா நீ?”

பிறந்ததிலிருந்து அவரை ‘நீங்க’ என்றே கூப்பிட்ட வாய் அது. அன்று ‘நீ’க்கு இறங்கிவிட்டது. கதவு தன் ரொட்டியை ரொம்பக் கவனமாகப் பிய்க்க ஆரம்பித்தான். அண்ணன் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார். “சரிடா” என்றார். தே தாரேக் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். அப்புறம் தலைவலி என்று சொல்லி எழுந்து போனார்.

அடுத்த ஞாயிறு அவர் திடலுக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. “சாக்கர் அண்ணே எங்க?” என்று கேட்டவர்களிடம் முட்டி வலி என்றேன். பொய் சொல்லும்போது என் குரல் உயரும்; கதவுக்கு அது தெரியும், அதனால் அவன் மேலே கேட்கவில்லை.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கோபம் அந்த வார்த்தை மேல் இல்லை. அம்மா கடைசி நாலு வருடம் படுக்கையில் இருந்தார். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. குளிப்பாட்டியது என் மனைவி, தூக்கிப் புரட்டிப் போட்டது நான். அண்ணன் ஞாயிறு தவறாமல் போன் செய்வார். நான் போனை அம்மா காதில் வைப்பேன். அந்தப் பக்கம் அவர் பேசப் பேச அம்மா கண்ணில் தண்ணீர் வழியும். அதைத் துடைக்கிற கை என்னுடையது, அழ வைக்கிற குரல் அவருடையது என்று அப்போது எரியும். அம்மா போய் ஆறு வருடம் ஆகியும் அந்த எரிச்சலை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் வைத்திருந்தேன். சாக்கர் கையில் சிக்கியது, அதில் கொட்டிவிட்டேன்.

தப்பு என்று தெரிந்தாலும் மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. அதைவிட, நான் சொன்னது சரி என்று நிரூபித்துவிட்டால் கேட்கவே வேண்டாமே என்று ஒரு குறுக்கு யோசனை வந்தது. பெட்டாலிங் ஜெயாவில் வேலை பார்க்கும் என் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். “அம்மாடி, இந்த சாக்கர்ங்கற வார்த்தைய அமெரிக்காகாரன்தானே கண்டுபிடிச்சான்? கொஞ்சம் போன்ல பாரு” என்றேன்.

அவள் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து படித்துக்கொண்டே போனாள். கொஞ்ச நேரத்தில் சிரிக்க ஆரம்பித்தாள்.

“அப்பா, நீங்க அவுட்லா. இது இங்கிலாந்து வார்த்த.”

அவள் சொன்ன கதை இதுதான். நூறு வருடத்துக்கும் முன்னால் இங்கிலாந்தில் ஃபுட்பால் என்ற ஒரே பெயரில் ஆளுக்கு ஒரு விதமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். சிலர் காலால் மட்டும், சிலர் கையில் தூக்கிக்கொண்டு ஓடி. பிறகு விதிகள் எழுதிப் பிரித்தபோது, கையில் தூக்குவது ரக்பி ஃபுட்பால் ஆனது. ஒரு சங்கம் கூடி விதி வகுத்த கால் ஆட்டம் அசோசியேஷன் ஃபுட்பால் ஆனது. அந்த நீளப் பெயரை எந்தக் கல்லூரிப் பிள்ளை முழுசாகச் சொல்வான்? அங்கே மாணவர்களுக்கு எந்தச் சொல்லையும் சுருக்கி வாலில் ஒரு ‘அர்’ ஒட்டும் பழக்கம் இருந்ததாம். ரக்பி ‘ரக்கர்’ ஆனது. அசோசியேஷனுக்கு நடுவிலிருந்து ‘சாக்’கை உருவி ‘சாக்கர்’ ஆக்கினார்கள். வெகுகாலம் இங்கிலாந்துக்காரர்களே இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள்.

“அப்புறம் ஏன் விட்டுட்டாங்க?” என்றேன்.

“அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா எல்லாம் சொந்தமா வேற வேற ஆட்டத்த ஃபுட்பால்னு வெச்சுக்கிட்டாங்க. அதனால இதுக்கு சாக்கர்தான் வசதி. அமெரிக்காகாரன் அதிகமா சொல்லச் சொல்ல, இங்கிலாந்துகாரனுக்கு அது அமெரிக்க வார்த்தையாட்டம் தெரிஞ்சிருக்கு. அவன் பெத்த பிள்ளைய அவனே வேணான்னுட்டான்.” அவள் போனைக் கீழே வைத்தாள். “அப்பா, நீங்க சின்ன வயசுல பாத்த இங்கிலீஷ் பேப்பர்ல என்னா போட்டிருக்கும்?”

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இங்கே வந்த ஆங்கிலப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கத்தில் சாக்கர் என்றுதான் கொட்டை எழுத்தில் இருக்கும். அதை வெட்டி நோட்டில் ஒட்டியவன் நான். டிவியில் இங்கிலாந்து மேட்ச் வாரா வாரம் வர ஆரம்பித்த பிறகு நாங்கள் எல்லாரும் ஃபுட்பாலுக்கு மாறிவிட்டோம். மாறியதே தெரியாமல் மாறினோம். பிறகு ஆதியிலிருந்தே அப்படித்தான் பேசியதுபோல சண்டையும் போடுகிறோம்.

“பெரியப்பாகிட்ட சொல்லாத” என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அவள் அம்மா இருந்தாள்.

மூன்றாவது வாரம் மனைவி அடுப்படியில் மீனைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் அண்ணனைப் பற்றிச் சொன்னாள்: “மாமா டிக்கெட் போட்டுட்டாங்க. சனிக்கெழம அப்பா தெவசம் முடிச்சுட்டு திங்கக்கெழம கெளம்பறாங்களாம். மருமகளுக்குப் பிரசவ நேரம்.”

“எப்ப வராராம்?”

“அது தெரியல. ஃபிளாட்ட காலி பண்றாங்க.” மீனைத் திருப்பிப் போட்டாள். “போயிட்டு வரேன்னு சொல்லல. போறேன்னாங்க.”

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போதுதான் அப்படிச் சொல்வார்கள். நான் வெளியே போய் காரைக் கழுவினேன். சுத்தமாக இருந்த காரைத்தான் கழுவினேன். நாற்பது வருடம் கழித்துத் திரும்பி வந்த ஒருவரை ஒரே ஒரு வார்த்தையில் திருப்பி அனுப்பிவிட்டாயே என்று எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது. போன் செய்து ‘போகாதீங்கண்ணே’ என்று சொல்லியிருக்கலாம். இரண்டு முறை எண்ணை அழுத்தி, மணி அடிக்கும் முன்னால் வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை வந்தது. எங்கள் வீட்டுப் படையலில் மற்ற வீடுகளில் இருப்பதெல்லாம் இருக்கும்: சோறு, ஆட்டுக்கறிப் பெரட்டல், பொரித்த மீன், வெற்றிலை, அப்பாவுக்குப் பிடித்த ஸ்டவுட் பீர் ஒரு பாட்டில். கூடவே வேறு எங்கும் இல்லாத ஒன்றும் இருக்கும். ஒரு ஆரஞ்சு. தோலை உரிக்கக் கூடாது, கத்தியால் நாலாக வெட்ட வேண்டும். அம்மா ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் வைத்தார். படையல் எடுத்ததும் ஒரு துண்டை முதலில் என் வாயில் ஊட்டிவிடுவார். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் இலையில் கை வைப்பார்கள். கடைக்குட்டி என்பதால் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். ஏன் ஆரஞ்சு என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அம்மா விழுந்த பிறகு படையல் என் பொறுப்பு. முதல் வருடம், வெட்டிய ஆரஞ்சை எப்படி வைப்பது என்று சந்தேகம் வந்தது. அம்மாவுக்குப் பேச்சில்லை. திதி கொடுக்க வந்த பண்டாரத்திடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “நாலு தெசைக்கு ஒண்ணு ஒண்ணுங்க” என்றார். தெரியாது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. அன்றிலிருந்து பத்து வருடமாகப் போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்து, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு பார்த்து ஒவ்வொரு துண்டாக வைக்கிறேன். ஒரு வருடம் மனைவி தெரியாமல் தோலை உரித்துவிட்டாள் என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் எட்டிப் பார்த்தார்.

அண்ணன் வேட்டி கட்டி வந்து ஓரமாக நின்றார். என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அமெரிக்கா போன பிறகு அவர் அப்பா தெவசத்துக்கு நின்றதே இல்லை. எல்லா வருகையும் டிசம்பரில்தான். நான் இலைக்கு முன்னால் குந்தி, போனைக் கையில் வைத்துக்கொண்டு, ஆரஞ்சுத் துண்டைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினேன்.

“என்னடா பண்றே?” என்றார்.

“தெச பாக்கறேன்.”

“எதுக்கு?”

“நாலு துண்டு, நாலு தெச. பண்டாரம் சொன்னாரு.”

அண்ணன் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், ஆரஞ்சைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். “தெசையாவது ஒண்ணாவது! இது ஹாஃப் டைம் ஆரஞ்சுடா! உனக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள்.

“சனிக்கெழம ஆனா அப்பாவுக்கு மேட்ச்” என்றார் அண்ணன். “அம்மா எனாமல் சட்டியில ஆரஞ்ச நாலு நாலா வெட்டி, மேல ஈரத்துணி போட்டுக் குடுப்பாங்க. நான்தான் திடலுக்குத் தூக்கிட்டுப் போவேன். ஹாஃப் டைம்ல ஆளுக்கு ஒரு துண்டு எடுத்து, தோலோட கடிச்சு உறிஞ்சிட்டு வீசுவாங்க. உரிக்கறதுக்கு அங்க யாருக்கு நேரம்? வீட்டுல அதுக்குப் பேரே சாக்…”

நிறுத்திவிட்டார். என் முகத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு மெதுவாக, “ஃபுட்பால் ஆரஞ்சு” என்றார்.

சொந்த அப்பா படத்துக்கு முன்னால், சொந்தத் தம்பிக்குப் பயந்து, அறுபத்தாறு வயது மனிதர் வாயில் வந்த வார்த்தையை விழுங்கினார். நான் இவ்வளவு கேவலமானவனா என்று இருந்தது.

“அப்பா என்னான்னு சொல்வாரு?” என்றேன்.

“விடுடா.”

“இல்லண்ணே. அப்பா என்னான்னு சொல்வாருன்னு சொல்லுங்க.”

அண்ணன் படத்தைப் பார்த்தார். “சாக்கர்னுதான் சொல்வாரு. வேற என்னா சொல்வாரு? ரயில்வேல அப்ப பெரியவங்க எல்லாம் வெள்ளக்காரன்கிட்ட வேல கத்துக்கிட்டவங்க. அவங்க கூடத்தானே ஆடினாரு. மத்தியானம் சாப்பிட்டுட்டு வாசல்ல நின்னு கேப்பாரு…” சொல்லும்போதே அவர் முதுகு நிமிர்ந்தது. குரல் கனத்தது, கொஞ்சம் மூக்கால் வந்தது. “‘பெரியவனே, சாக்கருக்கு நேரமாச்சு. பூட்ஸ தொடச்சிட்டியா?’”

அது அண்ணனின் குரல் இல்லை. என் வாழ்க்கையில் முதல் முறையாக அப்பா பேசிக் கேட்டேன்.

“அமெரிக்காவுல கத்துக்கிட்டேன்னு நெனச்சியா?” என்றார் அண்ணன். “அங்க போனா அவனுங்களும் அதயேதான் சொன்னானுங்க. எனக்கு மாத்த வேண்டிய அவசியமே வரல. அவ்ளோதான்டா.”

நாங்கள் இங்கேயே இருந்து அதைத் தொலைத்திருக்கிறோம். அவர் அவ்வளவு தூரம் போய், தொலைக்காமல் திரும்பக் கொண்டுவந்தார். நான் அதைப் பிடுங்கி வீசினேன்.

“அண்ணே, அன்னிக்கு நான் கத்துனது சாக்கருக்காக இல்ல.”

“தெரியும்டா. அம்மாவுக்காக.” இலையின் ஓரத்தை விரலால் நீவினார். “நான் வந்திருக்கணும். ஒவ்வொரு ஞாயிறும் போன வெச்சதும் உங்க அண்ணி சொல்லுவா, போங்க, போயி பக்கத்துல இருங்கன்னு. அடுத்த மாசம், அடுத்த மாசம்னு தள்ளிட்டேன். உன்னத் திட்டறதுக்கு எனக்கு என்னடா உரிமை இருக்கு? அதான் பேசாம கெளம்பலாம்னு பாத்தேன்.”

தெவசத்துக்கு வந்து பின்னால் நின்றிருந்த மகளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. “பெரியப்பா, சாக்கர் இங்கிலாந்து வார்த்தன்னு அப்பாவுக்கு ரெண்டு வாரத்துக்கு முன்னாலயே தெரியும்லா! சொல்லக் கூடாதுன்னாரு!”

“இவன் எப்ப தோல்விய ஒத்துக்கிட்டிருக்கான்?” என்றார் அண்ணன். மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சூடம் காட்டி, விழுந்து கும்பிட்டு, படையலை எடுக்க நான் கையை நீட்டியபோது அண்ணன் தடுத்தார். “இரு, இன்னொண்ணும் உனக்குத் தெரியாதா? உனக்கு மூணு வயசு இருக்கும். அம்மா உன்னத் தூக்கிட்டுத் திடலுக்கு வருவாங்க. ஹாஃப் டைம்ல அப்பா வேர்வையோட வந்து உன்ன வாங்கி மடியில வெச்சுக்குவாரு. மொத துண்டு உனக்குத்தான். புளிப்புக்கு நீ மூஞ்சியச் சுருக்குவே, அதப் பாத்து டீமே சிரிக்கும். அதுக்கப்புறம்தான் மத்தவங்க எடுப்பாங்க. நீ திங்காம ஒருத்தரும் கை வெக்கக் கூடாது, அது அப்பா சட்டம்.”

கிழக்கே பார்த்து நான் வைத்திருந்த துண்டை எடுத்தார். “வாயத் தொற.”

ஐம்பத்தாறு வயதில், மகளுக்கும் மனைவிக்கும் முன்னால், வாயைத் திறந்தேன். நல்ல புளிப்பு. அப்பா போன பிறகும் அம்மா அந்தச் சட்டத்தை விடவில்லை. வருடாவருடம் என் வாயில் விழுந்தது அப்பா ஊட்டிய துண்டு. அதைத் தெரியாமலே இத்தனை வருடம் தின்றிருக்கிறேன். முகத்தைச் சுருக்கினேனோ என்னவோ, அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அழுதேன். அழுததைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் ஞாயிறு அவர் திடலுக்கு வந்தார். கதவு தூரத்திலிருந்தே கையை ஆட்டி, “சாக்கர் அண்ணே!” என்று கத்திவிட்டு, பயந்துபோய் என்னைப் பார்த்தான்.

“நல்லா சத்தமா கூப்புடுலா” என்றேன். “அது எங்கப்பா வார்த்த.”

திங்கட்கிழமை விமான நிலையத்துக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். ஃபிளாட்டைக் காலி செய்தது செய்ததுதான். பிரசவத்துக்கு அவர் போய்த்தான் ஆக வேண்டும், பேரப்பிள்ளை முகத்தைப் பார்த்த பிறகு யாருக்குத் திரும்பி வர மனம் வரும் என்று வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை. கேட்க வாய் வரவில்லை. இறங்கும்போது அவர் கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய பூட்ஸை எடுத்துப் பின்சீட்டில் வைத்தார். “மண்ணு காஞ்சிருக்கு, தொடச்சு வெய்யி. மேல ரூம் காலியாத்தானே இருக்கு?” என்றார். “போயிட்டு வரேன்டா.”

பேத்தி பிறந்து இன்றோடு மூன்று மாதம். பூட்ஸை வாரா வாரம் துடைத்தேன். துடைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் துடைத்தேன். அண்ணன் நாளை சனிக்கிழமை காலையில் வந்து இறங்குகிறார். இன்று சாயங்காலம் பாசாருக்குப் போய் நல்ல ஆரஞ்சாகப் பார்த்து ஒரு பை நிறைய வாங்கி வந்து மேசையில் வைத்தேன். மனைவி நாட்காட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்னாங்க இது? தெவசத்துக்கு இன்னும் மாசம் கெடக்கே?”

“தெவசத்துக்கு இல்ல” என்றேன். “ஞாயித்துக்கெழம ஹாஃப் டைமுக்கு.”